கையில் 5 லட்ச ரூபாய் கார்டு... மாதாமாதம் மாத்திரைக்கு மட்டும் காசு இல்லை! மருந்துச் செலவுக்கு உதவி எங்கே கிடைக்கும்?

சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று. மாதம் ஒரு தடவை மருந்துக் கடைக்குப் போனால் ஆயிரம் ரூபாய் காலி. கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை?

புதுச்சேரி வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் உறுவையாறு போன்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் 100 நாள் வேலைக்கான தினக்கூலி 336 ரூபாய். அப்படியென்றால் ஆயிரம் ரூபாய் மாத்திரை என்பது மூன்று நாள் கூலி. வேலை தினமும் கிடைப்பதில்லை. மாத்திரையோ தினமும் வேண்டும்.

இதனால் என்ன நடக்கிறது? 30 நாள் மாத்திரைக்குப் பதில் 10 நாளுக்கு மட்டும் வாங்குவது, ஒரு மாத்திரையை உடைத்து இரண்டு நாளுக்குப் போடுவது, "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் பிரஷரும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு, பிறகு டயாலிசிஸ் செலவாக வந்து நிற்கும்.

இத்தனைக்கும் உதவித் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. பிறகு ஏன் கைக்காசு போகிறது? எங்கே, எந்த வரிசையில் போனால் உதவி கிடைக்கும்? விரிவாகப் பார்ப்போம்.

காப்பீட்டு கார்டு இருக்கே, அது போதாதா?

போதாது. பலரும் குழம்புவது இங்கேதான்.

2018 செப்டம்பர் 23-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இந்தக் கார்டு உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும்.

அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் வரையிலான மருந்துச் செலவு பேக்கேஜிலேயே அடங்கும். 16-வது நாள் முதல் மாத்திரை உங்கள் பொறுப்பு. ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு வீட்டுக்கு வருபவருக்கு இந்தக் கார்டால் பலன் இல்லை.

அதாவது, மாரடைப்பு வந்தால் கார்டு கைகொடுக்கும். மாரடைப்பு வராமல் தடுக்கிற மாத்திரைக்கு கைகொடுக்காது.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2013-14-ல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்களின் சட்டைப் பையிலிருந்து போனது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 40 ரூபாய் இன்னும் கைக்காசுதான்.

ஜிஎஸ்டி குறைத்தார்களே, விலை இறங்கவில்லையா?

இறங்கியது, ஆனால் கொஞ்சம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு வரியே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வரியோடு 1,000 ரூபாய்க்கு விற்ற மருந்து, புதிய வரியில் 937 ரூபாய் 50 காசு. மிச்சம் 62 ரூபாய் 50 காசு. அதே மருந்தின் ஜெனரிக் வகையை மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் 1,000 ரூபாய் செலவு 500-க்கோ அதற்கும் கீழேயோ வரலாம். வரிக் குறைப்பைவிடப் பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

முதல் படி: உள்ளூர் அரசு சுகாதார நிலையம்

பிரஷர், சர்க்கரை என்றாலே நேராக டவுனுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவச மருந்துத் திட்டப்படி, துணை சுகாதார நிலைய அளவில் 106 மருந்துகள், ஆரம்ப சுகாதார நிலைய அளவில் 172 மருந்துகள் இலவசமாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரஷர், சர்க்கரைப் பரிசோதனையும் இலவசம்.

வில்லியனூர், பாகூர், கரிக்கலாம்பாக்கம் பகுதி மக்கள் தனியார் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு தங்கள் அரசு சுகாதார நிலைய டாக்டரிடமே காட்டலாம். "இதே மருந்து இங்க இருக்குதுங்களா? இல்லைன்னா இதுக்குச் சமமா வேற மருந்து தர முடியுமா?" என்று கேட்டால் போதும். அம்லோடிபைன், டெல்மிசார்டான், மெட்பார்மின், கிளிமிபிரைடு, அட்டோர்வாஸ்டாட்டின், குளோபிடோக்ரெல் போன்ற அன்றாட மருந்துகள் எல்லாம் 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவைதான். அந்தப் பட்டியலில் மொத்தம் 384 மருந்துகள்.

சில நோய்களுக்கு மருந்து முழுக்க முழுக்க அரசின் பொறுப்பு. காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி மற்றும் சி ஆகியவற்றுக்கு தேசியத் திட்டங்கள் மூலம் மருந்து இலவசம். காசநோயாளிக்கு சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலும் வரும். இந்த நோய்களுக்கு யாராவது வெளியில் காசு கொடுத்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தால், இன்றே அரசு மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சொன்னால்? இது நம்மில் பலருக்கும் பழகிய பதில்தான். அப்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எப்போது வரும்? அதுவரை மாற்று மருந்து இருக்கிறதா? வெளியே வாங்க வேண்டுமென்றால் ஜெனரிக் பெயரில் எழுதித் தர முடியுமா?

இரண்டாவது படி: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மருந்துச் செலவு முடிவாகும் இடம் மருந்துக் கடை இல்லை. டாக்டர் சீட்டு எழுதும் மேசை.

காரணம் இதுதான். டாக்டர் சீட்டில் மட்டுமே தரக்கூடிய மருந்துகளில், எழுதியிருக்கும் பிராண்டுக்குப் பதிலாக வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றித் தரக்கூடாது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும் கூடாது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில், 65-வது விதியில் இது இருக்கிறது. அதனால் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், மலிவான மருந்து அலமாரியிலேயே இருந்தாலும் உங்கள் கைக்கு வருவது கஷ்டம்.

டாக்டர்கள் ஜெனரிக் பெயரில், தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதி (2016-ல் திருத்தப்பட்டது) சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கடுமையாக்கி புதிய விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்திலேயே அதை நிறுத்திவைத்தது. ஆக, விதி இருக்கிறது, அழுத்தம் இல்லை. கேட்பவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவருக்கு இல்லை.

டாக்டரிடம் கேட்கத் தயக்கமா? தேவையே இல்லை. இப்படிக் கேளுங்கள்:

- "டாக்டர், மாசம் இவ்வளவு ரூபா எங்களால முடியல. மருந்தோட பேரை ஜெனரிக்ல எழுதித் தருவீங்களா?"
- "இதுல கட்டாயம் எது? சத்து மாத்திரை, டானிக் எது?"
- "ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரைக்குப் பதிலா, தனித்தனியா வாங்கினா குறையுமா?"

காசு இல்லை என்பதை டாக்டரிடம் சொல்வது மானப் பிரச்சினை இல்லை. அது டாக்டருக்குத் தேவையான தகவல். நீங்கள் மாத்திரையைப் போடுவதில்லை என்பது தெரியாவிட்டால், "மருந்து வேலை செய்யலை" என்று நினைத்து இன்னும் வீரியமான, இன்னும் விலை அதிகமான மருந்தை அவர் எழுத வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது படி: ஜெனரிக் எங்கே வாங்குவது?

2008 நவம்பரில் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில் முதல் கடையோடு தொடங்கியது மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி. இப்போது நாடு முழுக்க 15,000-க்கும் அதிகமான கடைகள். பிரபலமான மூன்று பிராண்டுகளின் சராசரி விலையில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் இதன் விலை விதி. 50 முதல் 80 சதவீதம் வரை குறையும் என்கிறது மத்திய அரசு.

பக்கத்தில் எங்கே கடை, என்ன விலை என்பதை 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பார்க்கலாம். கட்டணமில்லா எண் 1800 180 8080. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. கடலூரும் விழுப்புரமும் புதுச்சேரி கிராமங்களோடு பின்னிக் கிடக்கும் மாவட்டங்கள். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கேயும் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும். அது கடை என்பதால் சீட்டைக் காட்டி யாரும் வாங்கலாம். ஆனால் வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்', முதல்வரின் காப்பீட்டு அட்டை ஆகியவை தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கான திட்டங்கள். புதுச்சேரி ரேஷன் கார்டை வைத்து அவற்றைக் கேட்க முடியாது.

புற்றுநோய் போன்ற பெரிய நோய்களுக்கு, மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனம் நடத்தும் 'அம்ரித்' மருந்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களில் இவை இருக்கும், அங்கே எம்.ஆர்.பி. விலையில் பெரிய தள்ளுபடி உண்டு.

விலை கம்மினா வேலை செய்யுமா?

கிராமத்தில் மட்டும் இல்லை, நகரத்திலும் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இது. மக்கள் மருந்தகத்துக்கு வரும் ஒவ்வொரு பேட்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது விதி. விலை குறைவதற்குக் காரணம் மருந்து குறைவது அல்ல. விளம்பரம், பிராண்டுப் பெயர், இடைத்தரகு ஆகிய செலவுகள் குறைவதுதான்.

2012 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராபெனிப் மருந்தின் ஒரு மாத விலை அப்போது சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம் கட்டாய உரிமம் கொடுத்ததும், அதே மருந்து சுமார் 8,800 ரூபாய்க்கு வந்தது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வலிப்பு, தைராய்டு, ரத்த உறைதலைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்துகளில் அளவு கொஞ்சம் மாறினாலும் உடம்பில் தெரியும். இவற்றில் கம்பெனியை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம். "50 பர்சன்ட் டிஸ்கவுன்ட்" என்ற போர்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். எம்.ஆர்.பி.யை ஏற்றி வைத்துவிட்டு தள்ளுபடி கொடுப்பதும் நடக்கும். ஒரு அட்டையில் 10 மாத்திரையா, 15 மாத்திரையா என்று பார்த்து, ஒரு மாத்திரைக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடம் 1800 111 255 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா? சம்பளச் சீட்டைப் பாருங்க

கிராமத்திலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் கவனிக்காத வழி இது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 90 ரூபாய்.

இந்த 90 ரூபாயில் என்ன கிடைக்கிறது? ஆயுஷ்மான் கார்டு தராத அதே ஓ.பி. சிகிச்சையும் மருந்தும். உங்களுக்கு மட்டும் இல்லை. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், வருமானமில்லாமல் உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு.

சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் குடும்பத்தார் பெயரைச் சேர்க்கவே இல்லை என்பது பல வீடுகளில் நடக்கும் கதை. மகன் கம்பெனியில் வேலை பார்க்க, அம்மா சர்க்கரை மாத்திரைக்கு கடன் வாங்கிக்கொண்டிருப்பார். முதலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பெரிய செலவு என்றால்? காசு கட்டும் முன்பே மனு கொடுங்க

புற்றுநோய், இதயம், சிறுநீரகம் என்று லட்சக்கணக்கில் மருந்துச் செலவு வந்தால் வழி வேறு. 1997-ல் உருவான ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு, அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்காக உதவுகிறது. ஜிப்மர் உட்பட மத்திய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று சுழல் நிதி உண்டு. குறிப்பிட்ட தொகை வரை டெல்லிக்கு எழுதிப்போடாமல் மருத்துவமனை அளவிலேயே அனுமதி கிடைக்கும்.

தேவையானவை: சிகிச்சை தரும் டாக்டர் கையெழுத்திட்டு, மருத்துவக் கண்காணிப்பாளர் மேலொப்பமிட்ட விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல். வருமானச் சான்றிதழை வில்லியனூர், பாகூர் தாலுகா அலுவலகங்களில் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. சிவப்பு ரேஷன் கார்டை மருத்துவமனைக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கவனிக்க வேண்டிய விதி ஒன்று: ஏற்கெனவே செலவழித்த பணத்தை இந்த நிதி திருப்பித் தராது. நகையை அடகு வைத்து, மருந்தை வாங்கிவிட்டு, பிறகு பில்லோடு போனால் பலன் இல்லை. டாக்டர் செலவைச் சொன்ன அன்றே, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். எந்த நிதி பொருந்தும், எந்த ஃபார்ம் என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பணம் நோயாளி கைக்கு வராது, மருத்துவமனைக்குப் போகும்.

விலை அதிகமான சில புற்றுநோய் மருந்துகளுக்கு, தயாரிக்கும் கம்பெனிகளே நோயாளி உதவித் திட்டம் நடத்துகின்றன. இதை நீங்களாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். புற்றுநோய் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

உதவி வரும் வரை இதை மட்டும் செய்யாதீங்க

- இன்சுலின், வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இதயத்துக்கான மருந்து, ஸ்டென்ட் வைத்த பின் தரும் ரத்த உறைதல் தடுப்பு மாத்திரை: இவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.
- மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைத்துப் போடாதீர்கள். மருந்து மொத்தமாக ரத்தத்தில் கலந்துவிடும்.
- "எனக்கும் சர்க்கரைதான்" என்று பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். நோய் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறு.
- கையில் காசு குறைவு என்றால், எதை முதலில் வாங்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்போ ஓட்டை எங்கே?

திட்டங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆயுஷ்மான். கம்பெனி வேலை இருந்தால் ஈ.எஸ்.ஐ. உயிருக்கு ஆபத்து என்றால் ஆரோக்கிய நிதி. ஆனால் கம்பெனி வேலை இல்லாமல், படுக்கையில் விழாமல், கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் மாத்திரை போடும் ஒரு விவசாயத் தொழிலாளிக்கு? அவருக்கு இருக்கும் ஒரே நேரடி உதவி, ஊர் சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரிதான். அது நிறைந்திருந்தால் அவர் பிழைத்தார். காலியாக இருந்தால் கடன்.

அந்த அலமாரியை நிறைத்து வைப்பது முடியாத காரியம் இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2011-ல் ராஜஸ்தான் இதேபோன்ற முறையில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. வழி தெரியாத பிரச்சினை இல்லை இது. எந்த மருந்து எந்த ஊரில் எத்தனை நாளாக இல்லை என்று யார் கணக்கு வைக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

அந்தக் கணக்கை மக்களும் வைக்கலாம். "மருந்து இல்லை" என்று சொன்ன தேதியையும் மருந்தின் பெயரையும் உங்கள் ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுங்கள். நகல் ஒன்று தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் போகட்டும். வாயால் சொன்னது அன்றோடு போய்விடும். தேதியோடு எழுதிக் கொடுத்த மனுவுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.